நெருக்கடியைத் தாங்கும் நுண்ணுயிர்கள்

மும்பை மாநகரின் மாதுங்காப் பகுதியில் கிங்ஸ் சர்க்கிள் என்னும் வட்டப் பூங்காவைச் சுற்றித் தென்னாட்டு மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். மகேசுவரி உத்தியானம் என்பது அப்பூங்காவின் பெயராயினும், மக்கள் நாவில் நிலைத்திருப்பது கிங்ஸ் சர்க்கிள் என்னும் பழைய பெயரே. இவ்விடத்தை நடுவாகக் கொண்டு சில கிலோமீட்டர் தொலைவுக்குள் நான்கு இடங்களைப் பார்த்து வருவோமாயின், உயிர்கள் சூழ்நிலையின் நெருக்கடியை எவ்வாறு தாங்குகின்றன என்னும் பாடம் நமக்கு எளிதில் விளங்கும். மாதுங்கா உணவு விடுதியில் புளித்துக்கொண்டிருக்கும் இட்டலி மாவு ஒன்று. மாகிம் கழிமுகத்தின் உப்புச் சேற்றில் நிற்கும் கண்டல் மரங்கள் மற்றொன்று. டிராம்பேயிலுள்ள அணு ஆராய்ச்சி நிலையம் மூன்றாவது. தாராவியின் குறுகிய சந்துகளில் காசநோய்க்கு மருந்துண்ணும் குடும்பங்கள் நான்காவது.

இந்நான்கினுள் இறுதியாகக் கூறியதே நம் களப்பணியாளருக்கு முதன்மையானது. சிகிச்சை தொடங்கி ஆறு வாரம் ஆன நோயாளி ஒருவர், "இருமல் நின்றுவிட்டது அம்மா, பசியும் எடுக்கிறது, இன்னும் எதற்கு இத்தனை மாத்திரை, இத்தனை மாதம்?" என்று கேட்கிறார். "மருத்துவர் சொன்னார், ஆகவே உண்ணுங்கள்" என்பது முழுமையான விடையாகாது. முழுமையான விடை நுண்ணுயிர்களின் தகவமைப்பு என்னும் விஞ்ஞானத்தில் உள்ளது. அவ்விடையைப் படிப்படியாகத் தெரிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நெருக்கடி என்பது யாது?

ஒவ்வோர் உயிருக்கும் வெப்பம், நீர், உப்பு, புளிப்பு, உணவு ஆகியவற்றில் ஏற்றதோர் அளவுண்டு. அவ்வளவிற்கு மேலோ கீழோ செல்லும்பொழுது வளர்ச்சி குன்றுகிறது. மேலும் விலகினால் உயிர் மடிகிறது. வளர்ச்சி குன்றுவதற்கும் மடிவதற்கும் இடைப்பட்ட நிலையையே விஞ்ஞானிகள் நெருக்கடி என்கின்றனர்.

ஒன்றிற்கு நெருக்கடியாவது மற்றொன்றிற்கு நல்வாழ்வாக இருக்கக்கூடும் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தூத்துக்குடி, வேதாரண்யம் முதலிய இடங்களில் உப்பளப் பாத்தியின் நீர் நன்கு செறிவடைந்தபின் செந்நிறம் கொள்வதைப் பலரும் கண்டிருப்பர். அந்நிறத்திற்குப் பெருங்காரணம் உப்பை விரும்பி வாழும் ஹாலோபாக்டீரியம் போன்ற நுண்ணுயிர்களே. நமது குடிநீரில் இட்டால் அவற்றின் உயிரணுக்கள் வெடித்து அழிந்துவிடும். அவற்றிற்கு உப்பின்மையே நெருக்கடி.

மாவுப் பாத்திரத்தில் ஆட்சி மாற்றம்

அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்த மாவில் பலவகை நுண்ணுயிர்கள் கலந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை தானியத்தோடும் பருப்போடும் வந்தவை. இட்டலி மாவு புளிக்கும் விதத்தை ஆராய்ந்து 1965-ஆம் ஆண்டில் முகர்ஜி முதலிய ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவுகள் ஒரு சுவையான வரிசையைக் காட்டின. முதலில் லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்னும் பாக்டீரியம் விரைந்து பெருகுகிறது. அது வெளியிடும் வாயுவினால் மாவு பொங்குகிறது. அது சுரக்கும் அமிலத்தினால் மாவு புளிக்கிறது. புளிப்பு ஏறியபின், அதனை மேலும் தாங்கவல்ல ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையும், அதற்குப்பின் பீடியோகாக்கஸ் வகையும் தலையெடுக்கின்றன. முன்பு மாவிலிருந்த வேறு பல நுண்ணுயிர்கள் அப்புளிப்பைத் தாங்காமல் ஒடுங்கிவிடுகின்றன.

இங்கு நிகழ்ந்தது யாது? பாத்திரத்தின் குணம் மாறிவிட்டது. ஆயினும் எந்த நுண்ணுயிரும் தன் இயல்பை விட்டு வேறொன்றாக மாறிவிடவில்லை. புளிப்பைத் தாங்கவல்லவை தொடக்கத்திலேயே சிறு தொகையாக இருந்தன. தாங்காதவை ஒடுங்கியபின் அவை பெருகின. புளிப்பு அவற்றைப் படைக்கவில்லை, தேர்ந்தெடுத்தது. இக்கருத்தை மனத்திற் பதித்துக்கொண்டால் பின்வரும் பகுதிகள் யாவும் எளிதில் விளங்கும்.

முதல் வழி: தற்காலிக இசைவு

நெருக்கடியை எதிர்கொள்ள உயிர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, தனது ஜீன்களை மாற்றாமலே உடலின் இயக்கத்தை மாற்றிக்கொள்ளுதல். சமவெளியில் வாழ்ந்த ஒருவர் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகருக்குச் சென்று சில வாரம் தங்கினால், அவரது குருதியில் சிவப்பணுக்கள் மிகுகின்றன. அவர் திரும்பி வந்தால் அம்மிகுதி மறைந்துவிடும். அது அவர் மக்களுக்குச் சொத்தாகச் சேர்வதில்லை.

நுண்ணுயிர்களிலும் இவ்வாறே. வெப்பம் மிகும்பொழுது உயிரணுவிலுள்ள புரதங்கள் தம் வடிவம் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கொதிநீரிலிட்ட முட்டையின் வெண்கரு கட்டியாவதை இதற்கு உவமையாகக் கூறலாம். 1962-ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி பெர்ரூச்சியோ ரிட்டோசா பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவை வளர்ந்த பெட்டியின் வெப்பநிலை தற்செயலாக உயர்த்தப்பட்டது. அவ்வீக்களின் குரோமோசோம்களில் சில குறிப்பிட்ட இடங்கள் புடைத்தெழுவதை அவர் கண்டார். வெப்பத்தை எதிர்கொள்ளும் ஜீன்கள் அங்கு விழித்துக்கொண்டன என்பது பின்னர்ப் புலனாயிற்று. வடிவம் குலைந்த புரதங்களைத் தாங்கிப் பிடித்து மீண்டும் சீராக மடிக்க உதவும் புரதங்களை அந்த ஜீன்கள் உண்டாக்குகின்றன. பாக்டீரியா முதல் மனிதன் வரை ஏறத்தாழ எல்லா உயிர்களிலும் இத்தகைய காவற் புரதங்கள் காணப்படுகின்றன.

உப்பு மிகுந்த சூழலில் நேரும் துன்பம் வேறு. வெளியே உப்பு மிகுந்தால் உயிரணுவினுள்ளிருக்கும் நீர் வெளியேறிவிடும். நமது குடலில் வாழும் எஷரீசியா கோலி என்னும் பாக்டீரியம் இத்தருணத்தில் முதலில் பொட்டாசியத்தை விரைந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. பின்னர் டிரெஹலோஸ் என்னும் சர்க்கரையை உண்டாக்கியும், கிடைக்குமாயின் கிளைசின் பீட்டைன் போன்ற பொருள்களை உட்கொண்டும், நீரைத் தன்னுள் நிறுத்திக்கொள்கிறது. உப்பு குறைந்ததும் அவற்றை வெளியே விட்டுவிடுகிறது.

மாகிம் கழிமுகத்தில் மிகுந்து காணப்படும் வெண்கண்டல் மரமும் கிளைசின் பீட்டைனைச் சேமிப்பதே. அதன் வேர்கள் கடல்நீரின் உப்பில் பெரும்பகுதியை உள்ளே விடாமல் தடுக்கின்றன. தப்பி நுழைந்த உப்பை இலைகளிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. வெயில் நேரத்தில் இலையின்மேல் உப்புத் துகள்கள் படிந்திருப்பதைக் காணலாம். சேற்றில் காற்றில்லாமையால், மூச்சுவிடும் வேர்களை அது மேல்நோக்கி நிறுத்தி வைத்திருக்கிறது. இத்தகைய உறுப்புகளை உண்டாக்கும் ஆற்றல் எண்ணிறந்த தலைமுறைகளில் பரம்பரையாக அமைந்தது; அவ்வாற்றலை அன்றாடம் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கையாளுதல் தற்காலிக இசைவு. இவ்விரண்டின் வேறுபாட்டை மாணவர் பெரும்பாலும் குழப்பிக்கொள்வர். ஆசிரியர்கள் இதனை விளக்கிக் கூறுதல் நலம்.

ஒரு நெருக்கடிக்கென அமைந்த காப்பு வேறொரு நெருக்கடியிலும் உதவக்கூடும். 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்தில் ஆர்தர் ஆண்டர்சன் என்பவர், இறைச்சியைக் காமாக் கதிர்களால் கிருமி நீக்கம் செய்ய இயலுமா என்று சோதித்தார். கதிர்வீச்சுக்குப் பின்னும் தகரப் புட்டியிலிருந்த இறைச்சி கெட்டுப்போயிற்று. அதிலிருந்து பிரிக்கப்பட்டதே டெய்னோகாக்கஸ் ரேடியோடூரன்ஸ் என்னும் பாக்டீரியம். மனித உடல் 5 கிரே அளவுக் கதிர்வீச்சையே தாங்குவது அரிது. இது 5,000 கிரே அளவையும் தாங்கி, சிதறிய தன் ஜீன் இழைகளைச் சில மணி நேரத்தில் ஒட்டுப்போட்டுக்கொள்கிறது. இவ்வளவு கடுமையான கதிர்வீச்சு இயற்கையில் எங்கும் இல்லை. அவ்வாறாயின் இத்திறன் எவ்வாறு வந்தது? கதிர்வீச்சைத் தாங்காத இதன் குறைவகைகள் வறட்சியையும் தாங்குவதில்லை என்று 1996-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. நெடுங்காலம் உலர்ந்து கிடப்பதாலும் ஜீன் இழைகள் அறுபடும். ஆகவே வறட்சிக்கென அமைந்த காப்பே கதிர்வீச்சிலும் பயன்பட்டது எனக் கருதப்படுகிறது. 1954-ஆம் ஆண்டில் டிராம்பேயில் தோன்றி, 1967 முதல் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் எனப் பெயர் பெற்ற நிலையத்தில் இப்பாக்டீரியம் விரிவாக ஆராயப்பட்டு வந்துள்ளது. நீரில் கரைந்துள்ள யுரேனியத்தைப் படியச் செய்யும் ஒரு ஜீனை இதனுள் புகுத்திய முயற்சியை அந்நிலையத்தார் 2006-இல் வெளியிட்டனர்.

இரண்டாம் வழி: பரம்பரை மாற்றம்

உயிரணு இரண்டாகப் பிரியும்போது ஜீன் இழை பிரதி எடுக்கப்படுகிறது. பிரதியில் அரிதாகப் பிழை நேரும். இதுவே சடுதிமாற்றம். பெரும்பாலான பிழைகளால் பயனில்லை. சில, தீங்கே தரும். மிக அரிதாக ஒன்று, குறிப்பிட்டதொரு நெருக்கடியைத் தாங்கும் ஆற்றலை அளிக்கிறது. அவ்வாற்றல் சந்ததிகள் அனைத்திற்கும் சேர்கிறது.

நெருக்கடி வந்த பின்னர் அதற்கு விடையாக இப்பிழை நேர்கிறதா, அன்றி அதற்கு முன்னரே தற்செயலாக நேர்ந்திருக்கிறதா என்பது நெடுநாள் விவாதமாக இருந்தது. 1943-ஆம் ஆண்டில் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்புரூக்கும் எளியதொரு சோதனையால் இதற்கு விடை கண்டனர். சில பாக்டீரியங்களையே பல குழாய்களில் தனித்தனியே இட்டு வளர்த்து, பின்னர் ஒவ்வொரு குழாயிலுள்ளவற்றையும் பாக்டீரியத்தைக் கொல்லும் வைரஸ் பூசிய தட்டுகளில் பரப்பினர். வைரஸைக் கண்டபின்தான் எதிர்ப்புத் திறன் தோன்றுமாயின், எல்லாத் தட்டுகளிலும் பிழைத்தவற்றின் தொகை ஏறத்தாழ ஒன்றாக இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லை. பல தட்டுகளில் ஒன்றுமில்லை, அல்லது ஓரிரண்டே இருந்தன; சிலவற்றிலோ மிகப் பலவாக இருந்தன. குழாயில் வளரும்போதே முற்பட்டு மாறுதல் நேர்ந்திருந்தால் அதன் சந்ததி பெருகியிருக்கும். பிற்பட்டு நேர்ந்திருந்தால் சிலவே இருக்கும். ஆகவே மாறுதல் வைரஸைக் காண்பதற்கு முன்னரே நிகழ்ந்தது என்பது தெளிவாயிற்று. 1952-இல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் ஆகிய இருவரும் வெல்வெட்டுத் துணியால் தட்டுக்குத் தட்டு அச்செடுத்து இம்முடிவை உறுதிப்படுத்தினர்.

நெருக்கடி மாறுதலைப் படைப்பதில்லை; இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதே முடிவு. இதற்கு இரண்டு துணைக் குறிப்புகள் உண்டு. கடும் நெருக்கடியில் சில பாக்டீரியங்களில் பிரதிப் பிழைகள் மிகுவதுண்டு. ஆயினும் அவை வேண்டிய திசையை நோக்கி நிகழ்வதில்லை. மேலும், குடல் நோய்க் கிருமிகள் போன்றவை எதிர்ப்பு ஜீன்களை ஒன்றிற்கொன்று கைமாற்றிக்கொள்ளவும் வல்லவை. சீதபேதிக் கிருமிகளில் இவ்வாறு நிகழ்வதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 1950-களின் இறுதியில் கண்டறிந்தனர். காசநோய்க் கிருமியில் மருந்தெதிர்ப்பு இவ்வாறு கைமாறுவதில்லை. அதன் எதிர்ப்பு சடுதிமாற்றத்தாலேயே வருகிறது.

காசநோய்க் கிருமியும் இரு வழிகளும்

ஸ்ட்ரெப்டோமைசின் 1944-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டபோது காசநோய் ஒழிந்தது என்றே பலர் கருதினர். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1948-இல் வெளியிட்ட சோதனையில், அம்மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்திற்குள் இறந்தோர் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தோர் 14 பேர். ஆயினும் மருந்து பெற்றோருட் பலரின் கிருமிகள் சில மாதங்களிலேயே எதிர்ப்புத் திறன் பெற்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல இரு குழுவினருக்குமிடையே இருந்த வேறுபாடு சுருங்கிற்று. ஒரே மருந்து என்னும் நெருக்கடி, முன்னரே இருந்த மாறுபட்ட சில கிருமிகளைத் தேர்ந்தெடுத்து, மற்றவை இருந்த இடத்தை அவற்றிற்கு ஒழித்துக் கொடுத்தது. மாவுப் பாத்திரத்தில் நிகழ்ந்த ஆட்சி மாற்றமே நுரையீரலிலும் நிகழ்ந்தது.

பல மருந்துகள் ஏன் என்பதற்கு விடை கணக்கில் உள்ளது. நுரையீரலில் உண்டான ஒரு குழியில் பத்துக் கோடிக் கிருமிகள் இருத்தல் கூடும். ஐசோனியாசிடைத் தாங்கும் கிருமி ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்று. ரிபாம்பிசினைத் தாங்குவது ஏறத்தாழப் பத்துக் கோடியில் ஒன்று. ஆகவே அக்குழியில் முதல் மருந்தைத் தாங்குபவை நூறும், இரண்டாவதைத் தாங்குவது ஒன்றும், சிகிச்சைக்கு முன்னரே இருக்கும். இரண்டையும் ஒருங்கே தாங்கும் கிருமியோ கோடி கோடியில் ஒன்றே. அது அக்குழியில் இருப்பதற்கு வாய்ப்பு அரிது. அரிசியைச் சல்லடையிலும் இட்டு, முறத்திலும் புடைப்பது போன்றது இது. சல்லடையில் தங்கும் பெரிய மணி, பதராயிருந்தால் முறத்தில் பறந்துவிடும். இரண்டு தேர்வுகளிலும் தப்புவது மிக அரிது. ஆனால் இரு மருந்துகளும் ஒரே காலத்தில் உடலில் இருந்தால்தான் இக்கணக்குச் செல்லும். இன்று ஒன்று, அது பயனற்றுப் போனபின் மற்றொன்று என்று கொடுத்தால், ஒவ்வொரு முறையும் ஒரு தேர்வே நிகழ்கிறது. எதிர்ப்புத் திறன் படிப்படியாகச் சேர்கிறது.

ஆறு மாதம் ஏன் என்பதற்கு விடை முதல் வழியில் உள்ளது. 1944-ஆம் ஆண்டில் ஜோசப் பிக்கர் என்பவர், பெனிசிலினால் ஒரு கிருமிக் கூட்டத்தை முற்றிலும் கொல்ல இயலாமையைக் கண்டார். பிழைத்த சிலவற்றை வளர்த்துப் பார்த்தபோது அவற்றின் சந்ததி பெனிசிலினுக்கு முன்போலவே மடிந்தன. அவை எதிர்ப்புத் திறன் பெற்றவையல்ல. வளர்ச்சியை நிறுத்தி உறங்கிக் கிடந்தவை. பெரும்பாலான மருந்துகள் வளரும் கிருமியின் வேலைகளையே தாக்குகின்றன. வேலை செய்யாதிருப்பதைத் தாக்குவது கடினம். எஷரீசியா கோலி நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கோ ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். உயிர்வளி குறைந்த இடங்களில் அது வளர்ச்சியையே நிறுத்தி நெடுநாள் உறங்கவும் வல்லது. உடலின் வெள்ளணுக்களுக்குள் நெருக்கடியைத் தாங்குவதற்காக அது இயக்கும் வெளியேற்றும் புரதங்கள் மருந்தையும் வெளியே தள்ளக்கூடும் என ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. டெய்னோகாக்கஸில் கண்ட உண்மையே இங்கும் வேறுருவில் தோன்றுகிறது.

முதல் சில வாரங்களில் வளரும் கிருமிகள் விரைந்து மடிவதால் இருமலும் காய்ச்சலும் தணிகின்றன. எஞ்சியிருப்பவை உறங்குபவை. அவை ஒவ்வொன்றாக விழிக்கும்போது மருந்து அங்கே காத்திருத்தல் வேண்டும். இதற்காகவே முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பூட்டால் ஆகிய நான்கும், அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மூன்றும் அளிக்கப்படுகின்றன. இவற்றுள் பைரசினமைடு புளிப்பான சூழலில் மந்தமாக வாழும் கிருமிகளையும், ரிபாம்பிசின் இடையிடையே சிறிது விழிக்கும் கிருமிகளையும் தாக்கவல்லவை.

சுருங்கக் கூறின், பரம்பரை மாற்றத்தை வெல்வதற்குப் பல மருந்துகள். தற்காலிக இசைவை வெல்வதற்குப் பல மாதங்கள். நோயாளியின் வினாவிற்கு விடை இதுவே.

சென்னையும் தாராவியும்

1956-ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருத்துவ விடுதியிலும் மற்றொரு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஐசோனியாசிடும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும் சேர்த்து அளிக்கப்பட்டன. வீட்டிலிருந்தோர் வறுமையிலும் இட நெருக்கடியிலும் வாழ்ந்தவர்கள். ஆயினும் 1959-இல் வெளியான முடிவு இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலமுற்றதைக் காட்டிற்று. நல்ல உணவும் ஓய்வும் காற்றும் வேண்டத்தக்கவையே. எனினும் சரியான மருந்துகள் ஒருங்கே, இடைவிடாது உட்செல்வதே முடிவை நிர்ணயிக்கிறது என்பதை உலகம் கற்றுக்கொண்டது. வீடு தேடிச் சென்று மருந்து உட்கொள்ளப்படுகிறதா என்று கவனித்த பணியாளருக்கு இவ்வெற்றியில் பெரும் பங்குண்டு.

அப்பாடம் எல்லா இடத்திலும் பின்பற்றப்படவில்லை. தாராவியில் தனியார் மருத்துவர் நூறு பேரிடம் நடத்தி 1991-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அவர்கள் காசநோய்க்கு எழுதிக்கொடுத்த மருந்து முறைகள் 80 வகையாக இருந்தன. அதே தாராவியில் மீண்டும் நடத்தி 2010-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 106 மருத்துவர்கள் 63 வகையான முறைகளை எழுதினர். சரியான முறையை எழுதியோர் 6 பேர் மட்டுமே. 2011-ஆம் ஆண்டின் இறுதியில், மும்பை மாகிமிலுள்ள இந்துஜா மருத்துவமனையின் மருத்துவர்கள், சோதித்த எல்லா மருந்துகளையும் எதிர்க்கும் காசநோய் நான்கு பேரிடம் காணப்பட்டதாக அறிவித்தனர். அந்நிலையைக் குறிக்க அவர்கள் வழங்கிய பெயரை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லையாயினும், எச்சரிக்கை அனைவர் செவியிலும் விழுந்தது.

அறுபத்து மூன்று வகை மருந்து முறைகள் என்பன, கிருமியின் பார்வையில், அறுபத்து மூன்று வகைத் தேர்வுகளாகும். குறைந்த அளவு, தவறான கூட்டு, இடையில் நிறுத்தம் ஆகிய ஒவ்வொன்றும் எதிர்ப்புக் கிருமிக்கு ஒரு படி ஏற்றம். ஆகவே மருந்தெதிர்ப்பு என்பது நோயாளியின் கவனக்குறைவினால் மட்டும் விளைவதென்று எண்ணுதல் தவறு. மேலும், எதிர்ப்புப் பெற்ற கிருமி காற்றின் வழியே பிறரைத் தொற்றுகிறது. ஒரு மாத்திரையும் உண்டறியாத இளைஞர்க்கும் முதல் நாளிலேயே மருந்தெதிர்ப்புக் காசநோய் இருத்தல் கூடும். காற்றோட்டமற்ற சிறு அறையில் எண்மர் உறங்கும் இடத்தில் குற்றம் யாருடையது என்று ஆராய்வதைவிட, நோயை விரைந்து கண்டறிவதே அறிவுடைமை.

இதற்குத் துணையாகப் பல ஏற்பாடுகள் வந்துள்ளன. சளியிலுள்ள கிருமி ரிபாம்பிசினை எதிர்க்கிறதா என்பதை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் காட்டும் ஜீன் சோதனை இப்போது உண்டு. 2012-ஆம் ஆண்டில் காசநோய் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்கப்பட்டது. 2017 முதல் நாடெங்கும் தேசியத் திட்டத்தில் மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்க்கப்பட்டு நாள்தோறும் அளிக்கப்படுகின்றன. ஒன்றை உண்டு மற்றொன்றை விடுவதற்கு இதில் இடமில்லை. சத்துணவிற்கென 2018 முதல் மாதந்தோறும் அளிக்கப்பட்ட 500 ரூபாய், 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பன்மருந்தெதிர்ப்புக் காசநோய்க்குப் பெடாகுவிலின் முதலிய நான்கு மருந்துகள் கொண்ட ஆறு மாதச் சிகிச்சைக்கு 2024-இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. எனினும் பெடாகுவிலினையும் எதிர்க்கும் கிருமிகள் உலகின் பல இடங்களில் தென்படத் தொடங்கிவிட்டன. புதிய மருந்தும் கிருமிக்குப் புதியதொரு நெருக்கடியே. அதனை எவ்வாறு கையாளுகிறோம் என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள் அமையும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

1. இருமல் நின்றது வளரும் கிருமிகள் மடிந்ததற்கு அடையாளம். உறங்கும் கிருமிகள் மடிந்ததற்கு அன்று. இதனை நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் எளிய சொற்களில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை, கூறுக.

2. மருந்தினால் வாந்தி, கண்பார்வை மங்கல், மஞ்சள் காமாலை முதலியன தோன்றினால், உடனே மருத்துவரிடம் அனுப்புக. நோயாளி தாமே ஒரு மருந்தை மட்டும் நீக்கி மற்றதை உண்ணுதல் பெருந்தீங்கு.

3. மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கும் கோயில் கொடைக்கும் சொந்த ஊர் செல்வது வழக்கம். புறப்படுவதற்கு முன்னரே அவ்வூர் மருத்துவ நிலையத்திற்குச் சிகிச்சையை மாற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்க. பயணத்தில் விடுபட்ட மூன்று வாரம் கிருமிக்குக் கிடைத்த மூன்று வாரம்.

4. சிகிச்சையை விட்டவரைக் கடிந்துரைத்தல் அவரை ஒளிந்துகொள்ளச் செய்யும். காரணத்தைக் கேட்டறிக, அது பெரும்பாலும் கூலி இழப்போ, பக்க விளைவோ, அண்டை வீட்டார் அறிந்துவிடுவர் என்னும் அச்சமோ ஆகும்.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்கவை

முதற் செய்முறை: புதிதாக அரைத்த இட்டலி மாவை இரு கிண்ணங்களில் எடுத்து, ஒன்றை அறையிலும் மற்றொன்றைக் குளிர்ப்பெட்டியிலும் வைக்கவும். மறுநாள் இரண்டிலும் நீல லிட்மஸ் தாளைத் தோய்த்து நிறத்தை ஒப்பிடவும். குளிர் எவ்வாறு நுண்ணுயிரின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதை மாணவர் தாமே கூறட்டும்.

இரண்டாம் செய்முறை: லிட்டருக்கு 0, 5, 10, 20 கிராம் உப்புக் கலந்த நீரில் இருபது இருபது பச்சைப் பயறுகளை ஈரத்துணியில் வைத்து, மூன்று நாளில் முளைத்தவற்றை எண்ணவும். முளைக்காதவற்றை நன்கு கழுவி நல்ல நீருக்கு மாற்றவும். அவற்றுள் சில பின்னர் முளைக்கக்கூடும். மடிந்ததற்கும் காத்திருந்ததற்கும் உள்ள வேறுபாட்டை இது கண்கூடாகக் காட்டும்.

மூன்றாம் செய்முறை: ஒரு படி கேழ்வரகில் பத்துக் கொண்டைக்கடலைகளைக் கலந்து சல்லடையில் சலிக்கவும். தங்கிய கடலைகளைக் காட்டி, "சல்லடை இவற்றை உண்டாக்கிற்றா?" என்று கேட்கவும். இவ்வொரு வினாவில் லூரியா, டெல்புரூக் ஆகியோரின் கண்டுபிடிப்பு அடங்கியுள்ளது.

வினாக்கள்

1. லே நகரில் தங்கியவரின் குருதி மாற்றமும், மருந்தை எதிர்க்கும் கிருமியின் மாற்றமும் எவ்வகையில் வேறுபட்டவை?

2. உறங்கும் கிருமிக்கும் எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிக்கும் உள்ள வேறுபாட்டைச் சோதனையால் எவ்வாறு அறியலாம்?

3. பயனற்றுப்போன ஒரு மருந்து முறையுடன் புதிய மருந்து ஒன்றை மட்டும் சேர்ப்பது ஏன் தவறு?

உயிர்கள் நெருக்கடியைத் தாங்கும் ஆற்றல் வியப்பிற்குரியது. அவ்வாற்றலாலேயே கண்டல் மரம் கரையைக் காக்கிறது; மாவு உணவாகிறது. அதே ஆற்றல் காசநோய்க் கிருமியிடமும் உள்ளது. அதனை அதன் போக்கிலே விட்டுவிடாமல், அது செல்லக்கூடிய இரு வழிகளையும் அடைத்து நிற்பதே சிகிச்சை. அவ்வழிகளுள் ஒன்றை மருந்தின் கூட்டு அடைக்கிறது. மற்றொன்றை அடைப்பது, ஆறாம் மாதத்திலும் நோயாளியின் கதவைத் தட்டும் களப்பணியாளரின் கையே.